சித்தப்பாவின் முதல் அடி!

எடின்பரோவிலிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு நேராக ரயில் கிடையாது. கோல்ஃப் பைத்தியம் பிடித்த அத்தனை பேரும் ஆயுளில் ஒரு தடவையாவது போய்விடணும் என்று துடிக்கிற ஊர் அது. அந்த ஊருக்கு ஓடிக்கொண்டிருந்த ரயிலை 1969-லேயே நிறுத்திவிட்டார்கள் புண்ணியவான்கள்! 1890-ல் கட்டிய ஃபோர்த் பாலத்தைத் தடதடவென்று தாண்டி (நம்ம பழைய பாம்பன் பாலத்துக்கு இருபத்துநாலு வயசு மூத்த அண்ணன்), லூக்கர்ஸ் என்கிற குட்டி ஸ்டேஷனில் இறங்கி, 99-ம் நம்பர் பஸ் பிடிக்கணும்.

பஸ்ஸில் என் பக்கத்து ஸீட்டில் சித்தப்பா. முழங்காலுக்கு நடுவே கோல்ஃப் பை. அதை மேலே வைக்கச் சொன்னால் முறைக்கிறார்.

ஆபீஸ் வேலையாக எட்டு வாரம் என்னை எடின்பரோவுக்கு அனுப்பியிருந்தார்கள். சித்தப்பா தன் மகள் வீட்டுக்கு வந்திருந்தார். "அண்ணா, அப்பா தினமும் ஜன்னல் ஓரமா நின்னு குடையை வெச்சு ஸ்விங் பண்றாரு. ரெண்டு பூச்சாடி போயிடுச்சு. நீயாவது அங்க கூட்டிட்டுப் போயேன்" என்று தங்கச்சி போனில் அழாத குறை. எனக்கு நாலு நாள் லீவு பாக்கி இருந்தது. கிளம்பிவிட்டோம்.

சித்தப்பா குன்னூரில் ஒரு டீ கம்பெனியில் 31 வருஷம் கணக்குப் பார்த்தவர். கம்பெனி தயவில் வெலிங்டன் ஜிம்கானாவில் கோல்ஃப் பழகியவர். குழிக்குப் பக்கத்தில் பந்தைத் தட்டிவிடுகிற 'பட்டிங்' வேலையில் கெட்டிக்காரர். பைசா சுத்தமாகக் கணக்குப் பார்த்த கை அல்லவா! ஆனால், டிரைவர் என்கிற பெரிய தலை மட்டையைத் தூக்கினாரென்றால் போச்சு. பந்து ஜம்மென்று கிளம்பும். பாதி வானத்தில் ஏதோ ஞாபகம் வந்த மாதிரி வலது பக்கம் வளைந்து, புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். இதற்கு 'ஸ்லைஸ்' என்று பெயர். சித்தப்பாவுக்கு அங்கே வைத்த பெயர் 'நேந்திரம்'. வளைந்த பழம்.

இப்போது வயசு 68. இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. ஊர் திரும்பியதும் கோயமுத்தூரில் ஆபரேஷன், தேதியே குறித்தாகிவிட்டது. ஓல்டு கோர்ஸில் வண்டியில் உட்கார்ந்துகொண்டு ஆட முடியாது, நடக்கத்தான் வேணும். "அப்புறம் நடப்பேனோ என்னமோ... ஒரு தடவை அங்க முதல் அடி அடிச்சுட்டா போதும்டா. அது மட்டும் நேரா போயிட்டா..." என்று பஸ்ஸில் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

நாங்கள் போய் இறங்கியது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு ஓல்டு கோர்ஸில் கோல்ஃபுக்கு லீவு! ஊர் ஜனம் முழுக்க அங்கே வாக்கிங். நாய்கள், தள்ளுவண்டிக் குழந்தைகள், கைகோத்த காலேஜ் ஜோடிகள் (1413-லிருந்து இங்கே யூனிவர்ஸிடி இருக்கிறது). கோல்ஃபின் கோயில் என்று உலகமே சொல்லுகிற மைதானத்தில், நம்ம மெரினா மாதிரி ஜாலியாக நடக்கிறார்கள். ஆட்டத்துக்கு 18 குழி என்கிற கணக்கே இங்கேதான் பிறந்தது. 1764 வரைக்கும் ஒரு ஆட்டத்துக்கு 22 என்று ஆடிக்கொண்டிருந்தார்கள். சில குழிகளை ஒன்றாகச் சேர்த்ததில் 18 ஆனது. மற்ற ஊர்க்காரர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டு முதல் டீ அருகே புல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பக்கத்தில் நின்ற ஜப்பான்காரர் அதைப் பார்த்துவிட்டு, அவரும் ஒரு கும்பிடு போட்டார்.

அந்த முதல் டீ இருக்கிறதே, விவகாரமான இடம். பின்னாலேயே 1854-ல் கட்டிய ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப்பின் கல் கட்டடம். பெரிய பெரிய ஜன்னல்கள். உள்ளே இருந்து யார் பார்க்கிறார்கள் என்று தெரியாது. வெளியே வேலி ஓரமாக டூரிஸ்ட் கூட்டம். முன்னாலே? முன்னாலே ஒன்றுமே இல்லை! வெட்டவெளி. முதல் குழிக்கும் பதினெட்டாவது குழிக்கும் பொதுவான ஒரே பசும்புல் தரை. அகலம் 129 கஜம் என்கிறார்கள். சித்தப்பா நம்பாமல், முழங்கால் வலியோடு குறுக்கே நடந்து எண்ணிப் பார்த்தார். பாதியில் ஒரு நாய்க்குட்டி காலைச் சுற்றிக் கணக்கைக் கெடுத்துவிட்டது.

மைதானத்தின் குறுக்கே ஒரு தார் ரோடு வேறு. கிரானி கிளார்க்ஸ் விண்ட் என்று பெயர். ஆட்டம் நடக்கிற நாளிலும் பாட்டிமார் காய்கறிப் பையோடு அதன் வழியே கடற்கரைக்குப் போவார்கள். அடிக்கிறவன்தான் காத்திருக்கணும்.

"இவ்ளோ அகலமா இருக்கு. இதுல எவன்டா வெளிய அடிப்பான்?" என்றார் சித்தப்பா, தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொள்கிற குரலில்.

அடித்திருக்கிறார்கள்! சாதாரண ஆள் இல்லை, பிரிட்டிஷ் ஓபன் சாம்பியன். இயன் பேக்கர் ஃபின்ச் என்கிற ஆஸ்திரேலியர், 1991-ல் ராயல் பர்க்டேலில் கோப்பையை வாங்கியவர். வாங்கினோமா, வைத்துக்கொண்டோமா என்று இருக்கக்கூடாதோ? அடி இன்னும் நீளமாகப் போகணும் என்று ஆசைப்பட்டு, ஸ்விங்கைப் பிரித்துப் பிரித்து மாட்ட ஆரம்பித்தார். 1995 ஓபன், இதே செயின்ட் ஆண்ட்ரூஸ், இதே முதல் டீ. கூட ஆடியவர் ஆர்னால்ட் பால்மர். பேக்கர் ஃபின்ச் அடித்த பந்து இடது பக்கம் திரும்பி, பதினெட்டாவது குழியின் தரையையும் தாண்டி, ரோட்டையும் தாண்டி அவுட்! கோல்ஃபில் இதைவிட அகலமான இலக்கைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். அதையும் தவறவிட்டார். 1997-ல் ராயல் ட்ரூனில் ஒரே நாளில் 92 அடித்துவிட்டுப் போட்டியிலிருந்து விலகி, அப்புறம் மைக்கைப் பிடித்து டி.வி. வர்ணனையாளர் ஆகிவிட்டார். பிராக்டிஸில் பந்து கோடு போட்ட மாதிரிப் போகுமாம். போட்டி என்று வந்தால் கை கேட்காது. (அந்த 1995 கோப்பை யாருக்குப் போச்சு என்கிறீர்களா? நீள அடிக்குப் பேர்போன ஜான் டேலிக்கு! இதுக்கு என்ன சொல்றது!)

இந்தக் கதையைச் சித்தப்பாவிடம் சொல்லவில்லை. அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அன்றைக்கு ராத்திரி லாட்ஜில் அவரே எனக்குச் சொன்னார். ரெண்டு தடவை.

மறுநாள் காலையில் டிரைவிங் ரேஞ்ச். லிங்க்ஸ் டிரஸ்ட்டே ஒரு அகாடமி நடத்துகிறது. வரிசையாகத் தடுப்புகள், கூரை, கூடை கூடையாகப் பந்துகள். அரை மணி நேரத்துக்கு ஒரு கோச்சையும் பிடித்தோம். மூஞ்சி முழுக்க மச்சப் புள்ளியாக ஒரு பையன், இருபத்தைந்து வயசு இருக்கும். அவன் பேசுவது இங்கிலீஷ்தான் என்று புரியவே பத்து நிமிஷம் ஆச்சு.

அவன் முதலில் சித்தப்பா நிற்கிற நிலையைப் பார்த்தான். எல்லா ஸ்லைஸ்காரர்களையும் போல அவரும் இடது பக்கம் பார்த்து நிற்கிறார். 'எப்படியும் வலது பக்கம் வளையப் போகுது, கொஞ்சம் இடது பக்கம் குறி வெச்சா நடுவுல விழும்' என்கிற அக்கவுன்டன்ட் கணக்கு. அந்தக் கணக்குதான் வியாதி என்றான் பையன். எப்படி என்றால், உடம்பு இடது பக்கம் பார்த்தால் மட்டை வெளியிலிருந்து உள்ளே குறுக்காக வெட்டும். மட்டையின் முகம் அந்தப் பாதையைப் பார்க்காமல் வலது பக்கம் திறந்திருந்தால் பந்து பம்பரம் மாதிரி வலப்பக்கம் சாய்ந்து சுழலும். குறுக்கு வெட்டு ஜாஸ்தியானால் வளைவும் ஜாஸ்தி. வளைவு கூடுகிறதே என்று இன்னும் இடது பக்கம் திரும்பினால்... வட்டிக்கு வட்டி!

இன்னொன்றும் சொன்னான். பந்து கிளம்புகிற திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மட்டையின் முகம்தான், வீசுகிற பாதை இல்லையாம். பழைய புத்தகங்கள் பலதும் இதைத் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்தன. ராடார் கருவிகள் வந்து அளந்து பார்த்த பிறகுதான் விஷயம் தெளிவாச்சு. மட்டையும் பந்தும் ஒட்டியிருப்பதே ஒரு செகண்டில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குள் கண்ணுக்கு என்ன தெரியும்?

அடுத்தது, பந்து மட்டையில் எங்கே படுகிறது என்கிற ஆராய்ச்சி. பாதத்துக்கு அடிக்கிற பவுடர் ஸ்ப்ரேயை மட்டை முகத்தில் அடித்துப் பார்ப்பது வழக்கமாம். பையனின் டப்பா காலி. சித்தப்பா சட்டைப் பையில் கைவிட்டார். விபூதிப் பொட்டலம்! தண்ணீரில் குழைத்து, டிரைவர் முகத்தில் மூன்று விரலால் பட்டையாக இழுத்தார். "இட் ஈஸ் ஹோலி ஆஷ்" என்று விளக்கம் வேறு. பையன் ரொம்ப மரியாதையாகத் தலையை ஆட்டினான்.

ஐந்து பந்து அடித்தார். விபூதியில் ஐந்து தழும்பும் நடுவில் இல்லை, கைப்பிடி சேருகிற பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. அங்கே பட்டால் மட்டைத் தலை அந்தக் கணத்தில் கொஞ்சம் திரும்பிக்கொள்ளும், பந்துக்கு வலது சுழல் இன்னும் ஏறும். ஆக, ஸ்லைஸுக்கு மேல் ஸ்லைஸ். 31 வருஷமாகக் கண்ணில் படாத கணக்குத் தவறு, விபூதியில் பளிச்சென்று தெரிந்துவிட்டது.

வைத்தியம் ஒன்றும் பெரிசாக இல்லை. மட்டைக்குப் போடுகிற உறையை எடுத்து, பந்துக்கு வெளிப்பக்கம் நாலு விரல் தள்ளி வைத்தான். "அந்த உறை மேல் படாமல் அடிங்க." அவ்வளவுதான்! முதல் மூன்று தடவை உறை பறந்தது, பந்து நின்றது. தோள் முந்திக்கொண்டு வருவதால்தான் மட்டை வெளியே போகிறது; இடுப்பு முதலில் திரும்பட்டும், கை பின்னால் வரட்டும் என்றான். சித்தப்பா இதை "முதல்ல எஞ்சின், அப்புறம் பெட்டி" என்று மொழிபெயர்த்துக்கொண்டார். எனக்கு அது கோச் சொன்னதைவிட நன்றாகப் புரிந்தது.

அப்புறம் டீயின் உயரம். டீ என்றால் சித்தப்பா 31 வருஷம் விற்ற டீ இல்லை. பந்தை நிறுத்துகிற சின்ன மர ஆணி. அந்தக் காலத்தில் கேடி ஒரு பிடி ஈர மணலைக் கூம்பாகப் பிடித்து, அதன் மேல் பந்தை வைப்பான். 1899-ல் பாஸ்டனில் ஜார்ஜ் கிரான்ட் என்கிறவர் மர டீக்குப் பேடன்ட் வாங்கினார். 1920-களில் வில்லியம் லோவெல் என்கிறவர் அதே மாதிரி ஒன்றைப் பெரிய அளவில் விற்றார். ரெண்டு பேருமே பல் டாக்டர்கள்! ஆணியைக் குத்துவதில் அவர்களுக்கு அப்படி என்ன ஆசையோ.

சித்தப்பா டீயைத் தரையோடு தரையாகக் குத்துவார். உயரமாக வைத்தால் மட்டை அடியில் புகுந்து, பந்து நேராக மேலே போய்விடுமோ என்று பயம். பையன் அதைப் பிடுங்கி உயர்த்தி வைத்தான். மட்டையைத் தரையில் வைத்தால், அதன் உச்சிக்கு மேலே பந்து பாதி தெரியணும். பந்து இடது குதிகாலுக்கு நேராக இருக்கணும். அப்போதுதான் மட்டை கீழே இறங்கி முடித்து, லேசாக மேலே ஏறும்போது பந்தைத் தொடும். மற்ற மட்டைகளில் பந்தை நறுக்குகிற மாதிரி இறங்கி அடிக்கலாம், டிரைவரில் கூடாது.

கடைசியில் மட்டையையே மாற்றச் சொன்னான். சித்தப்பாவிடம் இருந்தது ஒன்பது டிகிரி சரிவு. கம்பீரமான இளவட்டங்களுக்கான மட்டை. அவருடைய வேகத்துக்கு அது பந்தைத் தூக்காது. சரிவு குறைந்தால் பக்கவாட்டு வளைவும் அதிகமாகத் தெரியும். 12 டிகிரி ஒன்றை வாடகைக்குக் கொடுத்தார்கள். "லேடீஸ் மட்டை மாதிரி இருக்கு" என்று முனகினார். அடித்த பிறகு முனகல் நின்றுவிட்டது.

ஒரு வருத்தம் மட்டும் பாக்கி. "வெலிங்டன்ல இருநூறு கஜம் போகும்டா. இங்க அவ்ளோ போகலியே. வயசாயிடுச்சு." வயசு இல்லை, காற்று! குன்னூர் ஆறாயிரம் அடி உயரம். அங்கே காற்று லேசு. இங்கே கடல் மட்டம், குளிர் வேறு, காற்று கனம். பந்து சுமார் பத்து கஜம் குறைவாகப் போவது நியாயம்தான். இதைக் கேட்டதும் அவர் முகத்தைப் பார்க்கணுமே! அரியர்ஸ் வந்த மாதிரி.

இனி குலுக்கல். ஓல்டு கோர்ஸ் ஊருக்குப் பொதுவான மைதானம். பணக்காரனாக இருந்தாலும் குலுக்கலில் விழுந்தால் சந்தோஷம். சீஸனில் ஒரு ஆட்டத்துக்கு 300 பவுண்டுக்கு மேல். (முப்பதாயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். சித்தப்பா இதற்கென்றே தனியாக ஆர்.டி. போட்டு வைத்திருந்தார்.) தனி ஆளாகப் போகிறவர்கள் முன்பெல்லாம் ராத்திரி முழுக்கக் குளிரில் க்யூ நிற்பார்கள், ரஜினி படத்துக்கு முதல் நாள் முதல் ஷோ மாதிரி. 2024 முதல் அது போய், முதல் நாளே நேரில் போய்ப் பெயரைக் கொடுத்தால் குலுக்கிப் போட்டு, சாயந்திரம் செய்தி அனுப்புகிறார்கள். ஹேண்டிகேப் சர்டிபிகேட் காட்டணும். சித்தப்பா அதை லேமினேட் செய்து, கூடவே ரெண்டு ஜெராக்ஸும் வைத்திருந்தார்.

திங்கள் சாயந்திரம், இல்லை. செவ்வாய் சாயந்திரம், இல்லை. நடுவில் பகலெல்லாம் ரேஞ்ச், உறை, விபூதி. ஒரு மத்தியானம் கதீட்ரல் இடிபாடுகளுக்குப் போனோம். ஓல்டு டாம் மாரிஸ் கல்லறையும் அவர் மகன் யங் டாமின் கல்லறையும் அங்கே இருக்கின்றன. மகன் நாலு தடவை ஓபன் ஜெயித்தவன், 1875 கிறிஸ்துமஸ் அன்று இருபத்துநாலு வயசில் போய்விட்டான். அப்பா அதற்கப்புறம் 1908 வரை இருந்தார். சித்தப்பா அங்கே ரொம்ப நேரம் பேசாமல் நின்றார்.

புதன் சாயந்திரம் மீன் வறுவலும் உருளைக்கிழங்கும் வாங்கிக்கொண்டு கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். போன் 'டிங்' என்றது. வியாழன் காலை, மூன்று அமெரிக்கர்களோடு. சித்தப்பா பொட்டலத்தை அப்படியே என் கையில் கொடுத்துவிட்டு, "நான் போய்ச் சீக்கிரம் தூங்கறேன்" என்று எழுந்துவிட்டார். மணி ஆறரை. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது!

மறுநாள் நான் வேலி ஓரம், டூரிஸ்ட் கூட்டத்தில். காற்று தென்மேற்கிலிருந்து. அதாவது, முன்னாலிருந்தும் இடது பக்கத்திலிருந்தும். ஸ்லைஸ்காரனுக்கு இதைவிடக் கெட்ட காற்று கிடையாது. எதிர்க்காற்றில் வளைவு இன்னும் பெரிசாகும், இடது காற்று அதை வலது வேலிக்குத் தள்ளும். வேலிக்கு அந்தப் பக்கம் அவுட்.

முதல் அமெரிக்கர் அடித்தார், நேராகப் போச்சு. இரண்டாமவர் வேலியைத் தாண்டி அவுட். கூட்டம் "உச்" கொட்டியது. மூன்றாமவர் தரையோடு உருட்டினார். அப்புறம் ஸ்டார்ட்டர், சித்தப்பா பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். அப்பா பெயரையும் ஊர் பெயரையும் சேர்த்து எழுதியிருந்ததால் அதுவே அரை நிமிஷம் ஆச்சு. "ப்ளே அவே, ப்ளீஸ்."

சித்தப்பா டீயைக் குத்தினார். தாழ்வாக. நின்று பார்த்தார். பிடுங்கி, உயரமாகக் குத்தினார். நேராக நின்றார், இடது பக்கம் திரும்பவில்லை. எனக்கு உள்ளங்கை வேர்த்தது.

எஞ்சின், பெட்டி.

'டக்' இல்லை, 'டங்' என்று ஒரு சத்தம். பந்து நடுவுக்குச் சற்று இடதாகக் கிளம்பியது. ரோட்டுக்கு மேலே போகும்போது வலது பக்கம் லேசாகத் தலையைத் திருப்பியது. நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். திருப்பியது, அவ்வளவுதான், நடுப்புல்லில் விழுந்து, காய்ந்த தரையில் உருண்டு உருண்டு போய் நின்றது. நூற்றெண்பது கஜம் இருக்கும். நாலு டூரிஸ்ட் கை தட்டினார்கள். ஐந்தாவது ஆள் நான், கொஞ்சம் அதிகமாகவே தட்டிவிட்டேன்.

சித்தப்பா திரும்பிப் பார்க்கவில்லை. டீயைப் பிடுங்கித் துடைத்து, சட்டைப் பையில் விபூதிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நொண்டி நொண்டி நடந்தார்.

நான் ரோடு வழியாக ஓடி, கிரானி கிளார்க்ஸ் விண்ட் ஓரத்தில் நின்றேன். இரண்டாவது அடி. முதல் குழிக்கு முன்னால் ஸ்வில்கன் ஓடை, பச்சைத் தரையை ஒட்டி ஓடுகிறது. கூட வந்த கேடி ஏதோ சின்ன மட்டையைக் காட்டினார், ஓடைக்கு முன்னால் நிறுத்தச் சொல்லி. சித்தப்பா தலையை ஆட்டிவிட்டு, பெரிய மட்டையையே உருவினார். அடித்தார். பந்து கோடு கிழித்த மாதிரி கொடியைப் பார்த்துப் போய், ஒரு தடவை துள்ளி, ஓடைக்குள் 'ப்ளக்'!

கேடி நீளமான கரண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் துழாவப் போனார். அமெரிக்கர்கள் அனுதாபமாக ஏதோ சொன்னார்கள். சித்தப்பா அவர்களைக் கவனிக்கவே இல்லை. என் பக்கம் திரும்பி, ரெண்டு கையையும் தூக்கி, ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் ஜன்னல்கள் வரைக்கும் கேட்கிற மாதிரி சத்தம் போட்டார்:

"நேராத்தான்டா போச்சு!"